நாலாவது சுற்றில் நல்ல தண்ணீர்

உப்போடையில் மழை தப்பிப்போன நாலாவது வருஷம், மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, முத்துப்பேச்சி எங்கள் கல்லூரி மைதானத்தின் ஏழடி சிமெண்ட் வட்டத்துக்குள் முதல்தடவையாக நாலு சுற்றுச் சுற்றி, கால் கோட்டுக்கு வெளியே படாமல் சங்கிலிக் குண்டை எறியப்போன கணத்தில், வட்டத்தைச் சுற்றிப் பதித்திருந்த இரும்பு வளையத்தின் வெளிப்புறமாக மண் கசிந்து, ஒரு முழ அகலத்துக்குத் தெளிந்த தண்ணீர் எழும்பி நின்று, குண்டு அவள் கையை விட்டுப் போனதும் வந்த வழியே இறங்கிவிட்டது. உடற்கல்வி இயக்குநர் குருவையா சார் எட்டிப் பார்த்தார். "கொத்தனாரு கலவையில கை வச்சுட்டான், எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கபடிக்காரர்களைப் பார்க்கப் போனார். நான் டேப்பைப் பிடித்து அளந்தேன். நாற்பத்தாறு மீட்டர் இருபது. மூன்று சுற்றில் அவள் ஒருநாளும் நாற்பத்து நாலைத் தாண்டியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அந்த இரண்டு மீட்டர்தான் அதிசயம்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி மதுரையில் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐம்பது மீட்டர் எறிகிறவளுக்கு அணியில் இடம் நிச்சயம், அணியில் இடம் கிடைத்தால் வடக்கே எங்கோ ஒரு பெரிய மைதானம், அதற்குப் பிறகு விளையாட்டுக்காரர்களை எடுக்கும் வேலைகள். பேச்சிக்கு அது கடைசி வருஷம். இது தவறினால் அவளுடைய அம்மா மாடத்தி இருபத்திரண்டு வருஷமாகப் போய்வரும் தீப்பெட்டி ஆபீஸில் அம்மாவுக்குப் பக்கத்துப் பலகை காலியாக இருந்தது. கங்காணி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டு சொல்லப்படுகிற விஷயங்கள் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நடந்துவிடும்.

நான் அரசியல் அறிவியல் முதுகலை. எனக்கு விளையாட்டு தெரியாது, சண்டை தெரியும். ஹாஸ்டலில் என்னை வக்கீல் என்பார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஹேமரு, வட்டு எறியட்டும், பாக்க லட்சணமா இருக்கும்" என்று குருவையா சார் சொன்ன அன்றைக்கு, ஸ்டோர் ரூம் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த அந்த நாலு கிலோ குண்டை முக்கால் மணி நேரம் வாதாடி வாங்கிக் கொடுத்தவள் நான்தான். வாங்கிக் கொடுத்தபிறகு சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது தெரிந்தது. சார் கபடி ஆள். ஆகவே நான் போனில் படம் பிடிப்பேன், இரண்டு பேரும் வட்டத்தைச் சுற்றிக் கட்டிய வலைக் கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம், பார்த்துச் சண்டை போடுவோம். இப்படி இரண்டு வருஷம் சண்டை போட்டுத்தான் கண்டுபிடித்தோம்: குண்டை அவள் சுற்றக் கூடாது, குண்டோடு அவள் சுற்ற வேண்டும், அது இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நாற்காலியில் உட்காருகிறவள்போல் சாய்ந்து கொடுக்க வேண்டும், இடது குதிகாலில் ஆரம்பித்துப் பாதத்தின் வெளி ஓரமாக உருண்டு விரலில் முடிய வேண்டும், வலது கால் சீக்கிரம் தரைக்கு வர வேண்டும், தோள் ஒருபோதும் குண்டுக்கு முந்தக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசிச் சுற்று முடிகிறவரை கையைத் திறக்கக் கூடாது. "முந்தி விடாதட்டி" என்று நான் இரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொன்னேனோ தெரியாது.

உப்போடையின் தண்ணீர் பேருக்கு ஏற்றதுதான். போர் போட்டால் உப்பு, கிணற்றில் உப்பு, சோறு பொங்கினால் மஞ்சளாகும், தலை குளித்தால் சடையாகும். ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும் லாரிதான் குடிதண்ணீர். அந்த ஒன்பதாம் நாள் தெருவில் நடப்பதைப் பார்க்கிறவர்கள், பொறுமையின் சிகரம் என்று பெண்களைப் புகழ்ந்து மேடையில் பேசுகிறவர்களை நம்ப மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்கு மைதானத்தைக் குறுக்கே கடந்து போகிறவர்களில் ஒருத்திதான், அந்த வியாழக்கிழமை பேச்சி சுற்றிக்கொண்டிருந்தபோது கூண்டு வலைக்கு வெளியே கசிந்ததில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "ஏ, நல்ல தண்ணி" என்று சொன்னாள். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நேரம் தவறினால் கங்காணி உள்ளே விட மாட்டார்.

மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்கு நாங்கள் போனபோது கூண்டுக்கு வெளியே முப்பது குடம் இருந்தது. யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. பேச்சி சுற்றினாள், தண்ணீர் எழும்பியது, எறிந்தாள், இறங்கியது, இறங்குகிற அந்த நாலைந்து நொடிக்குள் வலைக்கு அடியில் கையை நீட்டிச் சொம்பால் மொண்டவர்களுக்கு மொண்டதுதான். ஒரு எறிதலுக்கு அரைக் குடம். நான் எறிதலை அளந்தேன், அவர்கள் குடத்தை அளந்தார்கள். இப்படியே இரண்டு வாரம் போனது. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், லாரி வருவதை எடுத்துக்கொண்டதுபோல எடுத்துக்கொண்டது. கூண்டின் ஏழு இரும்புக் கம்பங்களில் ஒன்றில் மஞ்சளும் குங்குமமும் ஏறியது, ஒன்றில் சாக்பீஸால் சிலுவை வந்தது, ஒன்றில் டீக்கடை பாய் பச்சைத் துணி கட்டினார். ஏழு இருந்ததால் சண்டை வரவில்லை. வேதியியல் துறைத் தலைவர் ஒரு பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்துவிட்டு, குடிக்கலாம் என்று சொல்லித் தன் வீட்டிலிருந்து இரண்டு குடம் அனுப்பினார்.

அந்த இரண்டு வாரத்தில் நடந்த ஒன்றை நான் மறைக்க மாட்டேன், ஏனென்றால் அது என் கட்சிக்கு எதிரானது. பேச்சிக்குக் கிடைத்த மிகச் சிறந்த பயிற்சியாளர்கள் அந்த வரிசையில் நின்ற பெண்கள்தான். தண்ணீர் அவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லியது. குதிகால் தேய்ந்தால் கலங்கலாக வந்தது. தோள் குண்டுக்கு முந்தினால் உப்புக் கரித்தது. வலது கால் தாமதமாக இறங்கினால் பாதி வளையத்துக்கு மட்டும் ஊறி, கிழக்கே நின்றவர்களுக்குக் கிடைத்து மேற்கே நின்றவர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று. நான் போனைப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்காததை அவர்கள் ஒரு மடக்கில் கண்டுபிடித்தார்கள்.

"ஏ பேச்சி, இன்னைக்கிக் கரிக்கி. ரெண்டாஞ் சுத்துல தோளை முந்திட்டே."

"முந்தலையே மதினி."

"நாக்கு பொய் சொல்லுமா? இந்தா, நீயே குடிச்சுப் பாரு."

பேச்சி குடித்துப் பார்ப்பாள். கரிக்கும். மறுபடியும் போய் நிற்பாள். மறுபடியும் சுற்றுவாள். நாற்பத்தேழு ஆயிற்று, நாற்பத்தொன்பது ஆயிற்று, பங்குனி பிறந்த மூன்றாம் நாள் தண்ணீர் இளநீர்போல வந்தது. டேப்பைப் பார்த்தால் ஐம்பத்தொன்று நாற்பது. நான் அதைச் சத்தம் போட்டுப் படித்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒரு எறிதலுக்கு முக்கால் குடம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்களும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

கெட்டது ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. நாலாவது சுற்றில் பேச்சிக்கு நிலை தடுமாறியது. அப்படித் தடுமாறினால் எறியக் கூடாது, குண்டு கூண்டுக்குள் பாய்ந்து யார் தலையிலாவது விழும். ஆகவே அவள் எறியாமல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை விடாமல் நின்றாள். தண்ணீர் இறங்கவில்லை. வட்டத்தைச் சுற்றி ஒரு வளையலைப்போல அது அசையாமல் நின்றது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, குண்டு தரையில் கிடக்க, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். அவள் பிடித்திருந்தவரை தண்ணீர் நின்றது. மொள்ள மொள்ள ஊறியது. குடங்கள் வலைக்குள் வந்தன. யாரோ ஒருத்தி, யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, மிகவும் சாதாரணமாக, அடுப்பில் பால் வைத்துவிட்டு வருகிறவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்வதுபோல, "அப்படியே புடிச்சுக்கோ தாயி, விட்ராதே" என்றாள்.

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் ஹாஸ்டலில் பதினோரு நாளாகத் தலை குளிக்கத் தண்ணீரில்லை.

அதிலிருந்து எறிவது வீண் என்று ஊர் முடிவு செய்தது. கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. எறியப்போகும்போது வரிசையில் ஒரு சலசலப்பு வரும், சோற்றைக் கீழே கொட்டுகிற குழந்தையைப் பார்க்கிறதுபோல ஒரு பார்வை வரும், அவ்வளவுதான். முதல் வாரம் இருபது தடவை பிடித்து நின்றால் பத்துத் தடவை எறிந்தாள். அடுத்த வாரம் ஐந்து தடவை. நாலு சுற்றுக்குப் பதிலாக ஆறு, ஆறுக்குப் பதிலாகப் பதினைந்து. சுற்று கூடக் கூடத் தண்ணீர் கூடியது. காலையில் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் பிடித்து நிற்பது இரண்டு மணி நேரமாகி, மதியமாகி, வகுப்புக்குப் போகாமல் மாலையாகி, முதல்வர் வருகைப்பதிவேட்டில் அவளுக்கு விளையாட்டுப் பணி என்று குறித்துக்கொடுத்தார். திங்கள் கீழத்தெரு, செவ்வாய் பள்ளிவாசல் தெரு, புதன் காலனி, வியாழன் வடக்குத்தெரு என்று முறை போட்டார்கள். முறை போட்டதும் அது சட்டமாகிவிட்டது. எதையும் சட்டமாக்க எங்களுக்கு ஒரு அட்டவணை போதும். பெற்றவளுக்கும் முறைதான். மாடத்தி பெரியம்மா காலனிக்காரி, அதனால் புதன்கிழமை மட்டும்தான் குடம் கொண்டுவருவாள். மற்ற நாட்களில் ஆபீஸ் மதிய இடைவேளைக்கு ஓடிவந்து, தீக்குச்சி மருந்து ஒட்டிய விரலைக் கழுவிவிட்டு, மகளுக்குச் சோறு உருட்டி வாயில் போடுவாள். பேச்சிக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் ஊர்த் தண்ணீர் இருந்தது.

"அம்மா, காதுக்குப் பின்னாடி அரிக்கி."

"எந்தக் காதுட்டி."

"இடது."

மாடத்தி சொறிந்துவிடுவாள். வரிசை சற்று நேரம் வேறு பக்கம் பார்க்கும். உப்போடைக்காரர்கள் ஈரமில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

சித்திரை பிறந்த வாரம் லாரியை நிறுத்திவிட்டார்கள். உப்போடைக்குச் சொந்த நீராதாரம் இருப்பதாக யாரோ அறிக்கை எழுதியிருந்தார்கள். நான் மனு எழுதிக்கொண்டு போனேன். குடிநீர் வாரிய ஆபீஸில் இருந்தவர் அதை நன்றாகப் படித்தார், மரியாதையாக நடத்தினார், உட்காரச் சொன்னார். "நீராதாரத்தோட பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"முத்துப்பேச்சி. பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு."

"சரியாப் போச்சு" என்று சொல்லி, பெயர் என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் கட்டம் காலியாக இருந்ததால்தான் கோப்பு இத்தனை நாள் நகரவில்லையாம்.

இருபதாம் தேதி ஊர்க் கூட்டம், கல்லூரிக் கலையரங்கில். ஏழாவது வார்டு கவுன்சிலர் சீனியம்மாள் அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வயதிலிருந்து குடம் தூக்கி இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தவர், தேர்தலில் நின்றபோது வேறொன்றும் சொல்லாமல் அந்த இடுப்பைக் காட்டி ஓட்டு வாங்கியவர். அவரைக் கெட்டவர் என்று எழுத முடிந்தால் எனக்கு இந்தக் கதை எளிதாக இருந்திருக்கும்.

"இருபத்தெட்டாம் தேதி பேச்சி மதுரைக்குப் போகணும்" என்றேன்.

"போயி?"

"எறியணும்."

"வக்கீலம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிக்கப்படாது. இந்தக் குண்டு அம்பது மீட்டர் போயி விழுந்துருச்சுன்னு வையி. விழுந்த எடத்துல என்ன மொளைக்கும்?"

"ஒண்ணும் முளைக்காது. நீங்க கிரிக்கெட் பாக்கீங்கள்ல, அங்க பந்து விழுந்த எடத்துல என்ன முளைக்குதுன்னு உங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டதுண்டா?"

"கேட்டேன். அவரும் பதில் சொல்லல, நீயும் சொல்லல."

சிரித்தார்கள். நானும்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான், "ரெண்டு மாசமா அவ கைக்கு ஓய்வே இல்ல" என்றேன்.

"எந்தப் பொம்பளை கைக்கு ஓய்வு இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார் சீனியம்மாள் அக்கா.

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். நானே எத்தனையோ கருத்தரங்கில் மைக்கைப் பிடித்துச் சொன்ன வாக்கியம் அது, எனக்கு எதிராக வந்து உட்கார்ந்தது. எந்தப் பெண் கைக்கும் ஓய்வில்லை என்றால் ஒருத்தியின் கையாவது திறக்கட்டும், இதுதான் பதில், அது எனக்கு ஒரு வாரம் கழித்து வந்தது. தாமதமாக வரும் பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. அன்றைக்கு எனக்கு வாதத்தில் ஜெயிக்க வேண்டியிருந்தது. ஆகவே பேரம் பேசினேன். இருபத்தைந்தாம் தேதியிலிருந்து மூன்று நாள் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை அவள் பிடித்து நிற்பாள், நடுவில் விட மாட்டாள், மோட்டாரை வைத்து ஊரின் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள், நாலாம் நாள் அவளை மதுரைக்கு அனுப்புங்கள். ஒரு நாள் அவளில்லாமல் தொட்டித் தண்ணீரில் ஊர் ஓடும். கூட்டம் யோசித்தது. குருவையா சார் எழுந்து, நியாயமாகத்தான் இருக்கிறது என்றார். ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார்கள். நான் எழுதிய வாசகத்தில் ஒரு எழுத்து மாற்றாமல் சீனியம்மாள் அக்கா கையெழுத்துப் போட்டார். அது என் வாழ்க்கையில் நான் முழுசாக ஜெயித்த ஒரே வழக்கு.

பேச்சி கூட்டத்துக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வண்ணார் தெரு முறை, அவள் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மூணு நாளா" என்றாள். "நடுவுல ஒரு தடவையாச்சும் எறிஞ்சு பாத்துக்கிடட்டுமா?"

"எறிஞ்சா இறங்கிரும்லா. எழுதிக் குடுத்துட்டேன்."

"சரிட்டி. நீ பேசிட்டேல்லா, சரியாத்தான் இருக்கும்."

அந்த மூன்று நாளும் அவள் சுற்றியதுபோல யாரும் சுற்றி நான் பார்த்ததில்லை, போனில் பார்த்த உலகத்து வீராங்கனைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலை ஆறுக்கு ஆரம்பித்து நாற்பது சுற்று, அறுபது சுற்று, குதிகாலும் விரலும் மாறி மாறி ஒரே இடத்தில் விழ, முழங்கால் மடங்கி, முதுகு சாய்ந்து, தோள் தளர்ந்து, குண்டு தாழ்ந்து உயர்ந்து அவளைச் சுற்றி ஒரு கோளைப்போல ஓட, கடைசியில் மெதுவாகி, குண்டு தரைக்கு வந்ததும் அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்க, மோட்டார் இரைந்தது. சொட்டு உப்பில்லை, சொட்டுக் கலங்கலில்லை. தொட்டி முதல் நாள் கால்வாசி, இரண்டாம் நாள் முக்கால்வாசி, மூன்றாம் நாள் வழிந்தது. சீனியம்மாள் அக்கா கொண்டுவந்த துண்டால் பேச்சியின் முகத்தைத் துடைத்துவிட்டார். மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கைப்பிடியிலிருந்து அவள் விரல்களை எடுக்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வெந்நீரில் வைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து நீவிவிட்டேன். விரல்கள் மடங்கியே இருந்தன. "தூக்கம் போட்டா சரியாயிரும்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மதுரை மைதானத்தில் பச்சைப் புல், வெள்ளைக் கோடு, புதுக் கூண்டு. ஐம்பது மீட்டரில் ஒரு சிறு கொடி நட்டிருந்தார்கள். பேச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. அவளுக்கு முன்னால் எறிந்தவர்களில் யாரும் நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை. குருவையா சார் என் காதில், "முடிஞ்சுது, நம்ம பிள்ளைதான்" என்றார்.

அவள் வட்டத்துக்குள் போனாள். தலைக்கு மேல் இரண்டு வீச்சு, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் இரண்டு வருஷமாகப் படம்பிடித்ததில் அதற்கு இணையான நாலு சுற்று இல்லை. நாலாவது முடிந்து குண்டு இடது தோளுக்கு மேல் ஏறுகிற நொடியில் அவள் கை திறக்க வேண்டும். திறக்கவில்லை. ஐந்து. ஆறு. ஒன்பது. மெதுவாகி நின்றாள். வளையத்தைச் சுற்றித் தண்ணீர் எழும்பி நின்றது. மைதானத்துப் பணியாளர் ஒருவர் பார்த்தார், போனார், சுண்ணாம்பு கலக்கும் டின்னோடு திரும்பி வந்து மொள்ள ஆரம்பித்தார்.

"எறிம்மா" என்றார் நடுவர்.

"எறியத்தான் சார் செய்யுதேன்" என்றாள் பேச்சி.

நேரம் முடிந்தது, சிவப்புக் கொடி. இரண்டாவது தடவையும் அப்படித்தான். நாலு சுற்று, குண்டு ஏறியது, கை திறக்கவில்லை. பன்னிரண்டு சுற்றுச் சுற்றி நின்றபோது, மற்ற ஊர்ப் பெண்கள் குனிந்து முகம் கழுவிக்கொண்டார்கள். பணியாளர் இப்போது ரப்பர் குழாயும் ஒரு சின்ன மோட்டாரும் கொண்டுவந்திருந்தார். நான் வலையைப் பிடித்துக்கொண்டு, "பேச்சி, விடு" என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரியாத ஒரு பாஷையில் நான் பேசியதுபோல் அவள் முகம் இருந்தது. "எதைட்டி?" என்றாள்.

மூன்றாவதில் அவள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள். எத்தனை என்று எண்ண முடியவில்லை. கை திறக்காததால் காலால் தப்பிக்கப் பார்த்தாளோ என்னவோ, கடைசியில் வலது கால் வளையத்துக்கு வெளியே தண்ணீரில் விழுந்தது. சிவப்புக் கொடி.

நான் நடுவரிடம் போனேன். விதிப்புத்தகத்தில் எத்தனை சுற்று என்று வரையறை இல்லை என்றேன், முதல் இரண்டு வாய்ப்பிலும் நேரத்துக்குள் ஆரம்பித்துவிட்டாள், ஆரம்பித்தபின் முடிக்க நேரக்கணக்கில்லை, ஆகவே முதல் இரண்டும் தவறல்ல, இன்னும் முடியவே இல்லை என்றேன். பக்க எண் சொன்னேன். அவர் நல்ல மனிதர். புத்தகத்தை எடுத்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ சொல்றது அத்தனையும் சரி பாப்பா" என்றார். "ஆனா குண்டு அவ கையில இருக்கே."

முடிவுத்தாளில் தூரம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். நாற்பத்தேழு அறுபது எறிந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்கள்.

பேச்சியால் கைப்பிடியைக் கீழே வைக்க முடியவில்லை. நானும் சாரும் இழுத்துப் பார்த்தோம், அவளுக்கு வலித்தது, விட்டுவிட்டோம். அவள் ஊர் திரும்பினாலும், பிடித்திருக்கும்வரை அந்த வட்டத்தில் தண்ணீர் நின்றிருக்கும். ஆகவே மைதானத்துக்காரர்கள் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள், ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள். டின் வைத்திருந்தவர் ஜன்னல் வழியாகக் குனிந்து, "பாத்து மெதுவா போங்க தங்கச்சி, விட்ராதீங்க" என்றார்.

மதிய ரயிலில் எங்களுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. டிக்கெட் பார்க்க வந்தவர் குண்டைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், காலை இடித்துக்கொள்ளப்போகிறீர்கள் என்று மட்டும் சொன்னார். குருவையா சார் தலைக்குத் துண்டைப் போட்டுத் தூங்குவதுபோல் இருந்தார். நான் பேசினேன். அடுத்த மாதம் வேறொரு தேர்வு இருக்கும் என்றேன், மேல்முறையீடு செய்யலாம் என்றேன், மருத்துவச் சான்று வாங்கலாம் என்றேன். பேச்சி வெளியே ஓடும் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பேசாம இரியேன்" என்றாள், கோபமில்லாமல்.

இருந்தேன்.

உப்போடை ஸ்டேஷனில் வெயில் இறங்கியிருக்கவில்லை. ஊர் வந்திருந்தது. மாலை இருந்தது. சீனியம்மாள் அக்கா முன்னால் வந்து அதைப் பேச்சியின் கழுத்தில் போட்டு, கன்னத்தைத் தடவி, "வந்துட்டியா தாயி" என்றார். அந்தக் குரலில் இருந்தது முழுக்க அன்புதான், அதுதான் எனக்கு ஆறவில்லை. தொட்டி மதியமே காலியாகிவிட்டதாக யாரோ பின்னால் சொன்னார்கள். தூரம் எவ்வளவு என்று ஒருவர் கேட்கவில்லை. குண்டு கையிலேயே இருக்கிறது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததும் கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியதை நான் கண்ணால் கண்டேன், காற்றடித்தால் சோளத்தட்டை சாய்வதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அது போயிற்று.

மாடத்தி பெரியம்மா கடைசியாக வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், சேலையில் அட்டைத்தூள். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"எம்புட்டுத் தூரம்ட்டி போச்சு?"

பேச்சி இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினாள். கம்பி ஆடியது. குண்டு நடைமேடையில் உரசிக்கொண்டு அவள் காலுக்கு அருகே வந்தது.

"வீடு வரைக்கும் வந்துருச்சும்மா" என்றாள்.

மாடத்தி மகளை பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தக் கைகளைத் தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். பிறகு சுண்டுவிரலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.